பாவாடை நாடா கோர்த்த கொக்கி

உட்காருங்கள், ஐயா. அந்த நாற்காலியில் வேண்டாம், அதன் ஒரு கால் ஆடும், இதில் உட்காருங்கள். கருங்கல் ஊரிலிருந்து பேருந்து மாறி மாறி வந்திருக்கிறீர்கள். தங்கை மகனுக்குப் பெண் பார்க்கிற தாய்மாமன் விசாரிக்காமல் வேறு யார் விசாரிப்பார்கள்? வெயிலில் வந்தவருக்கு முதலில் ஒரு காப்பி. பகவதி, கேட்டதா? கேட்டிருக்கும். என் மனைவி பதில் சொல்லமாட்டாள். ஆனால் காப்பி வரும்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. பெண்ணின் தாய் எப்சிபா, நான் கண்காணிப்பாளராக இருந்த வலைத் தொழிற்சாலையில் திருடிப் பிடிபட்டு வேலை இழந்தவள் என்று சொல்கிறார்களே, அது மெய்யா? மெய்தான். பிடித்தவனே நான்தான். ஆனால் அந்த ஒரு சொல்லோடு உங்களை அனுப்பிவிட்டால் அது நியாயமாகாது. நான் ஒரு பக்கமாகப் பேசுகிறவன் அல்ல. அவளால் தொழிற்சாலைக்கு ஒரு நன்மையும் விளைந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டையும் கேட்டுவிட்டு நீங்கள் முடிவு செய்யுங்கள். அவள் மகள் பெல்சியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். என் ரத்த அழுத்த மாத்திரையை அவள்தான் எடுத்துத் தருகிறாள். மீதிச் சில்லறையை மேசைமேல் வைப்பாள், என் கையில் தரமாட்டாள். அது இருக்கட்டும்.

முதலில் அவள் எடுத்தது என்னவென்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு கொக்கி. மீன்வலை பின்னுகிற இயந்திரத்தின் கொக்கி. அந்த இயந்திரங்கள் ஜப்பானிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றும் ஒரு பேருந்தின் நீளம் இருக்கும். அதன் குறுக்கே சீப்பின் பற்களைப் போல வரிசையாகக் கொக்கிகள். எல்லாக் கொக்கிகளும் ஒரே நேரத்தில் குனியும், நைலான் நூலைப் பிடிக்கும், ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சைப் போட்டுவிட்டு நிமிரும். ஒரு கொக்கி சுட்டுவிரல் நீளம்தான். நுனியில் கிளிமூக்குப் போல ஒரு வளைவு. முடிச்சு இறுகுவதும் வழுக்குவதும் அந்த மூக்கின் உட்புற வழவழப்பில் இருக்கிறது. தேய்ந்தால் கழற்றிவிட்டுப் புதியது மாட்ட வேண்டும். புதியது ஜப்பானிலிருந்து கப்பலில் வர வேண்டும். சரக்கறையும் தரச் சோதனையும் என் பொறுப்பு. ஆகவே கொக்கியும் என் பொறுப்பு.

கழற்றிய கொக்கிகள் ஒரு தகர டப்பாவில் கிடக்கும். வேலைக்கு வருகிற பெண்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். எதற்கு என்று கேளுங்கள். பாவாடைக்கு நாடா கோர்க்க! நாடாவின் நுனியைக் கொக்கியின் மூக்கில் மாட்டி, பாவாடையின் இடுப்பு மடிப்புக்குள் நுழைத்துத் தள்ளிக்கொண்டே போனால் ஒரே ஓட்டத்தில் மறுபக்கம் வந்துவிடுமாம். ஊக்கு வைத்துத் தள்ளினால் நடுவழியில் அவிழ்ந்துகொள்ளும் என்கிறார்கள். இருக்கலாம். எனக்கு அந்த விவகாரம் தெரியாது. தொழிற்சாலைக்கு வருகிற முந்நூறு பெண்களின் வீட்டிலும் ஒரு கொக்கி இருந்திருக்கும். அம்மாவுக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று, கலியாணமாகிப் போகிற பெண்ணின் பெட்டிக்குள் ஒன்று. எனக்கு முன்னால் கண்காணிப்பாளராக இருந்தவர், நான் அவருக்குக் கீழே சரக்கறையில் இருந்தபோதே, பார்த்தும் பாராமல் இருந்தார். நான் அப்படி இருக்கமுடியுமா? கழித்த பொருளும் பொருள்தான். தகரத்துக்கு விலை உண்டு, எஃகுக்கு விலை இல்லையா? அதனால் வாயிலில் சோதனை வைத்தேன். முதல் நாளே எப்சிபாவின் சோற்றுப் பாத்திரத்தில், மூடிக்கும் துணிக்கும் நடுவில், ஒரு கொக்கி.

அவள் மறைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "சாரே, தேஞ்சு போனதுல்லா? குப்பையில கெடந்தது" என்றாள். அது யாருடைய குப்பை என்று கேட்டேன்.  ஷிப்டு மாறுகிற நேரம், உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் நிற்கிறார்கள். தொழிற்சாலைப் பொருளைத் திருடியதற்காக எப்சிபா இன்றோடு நீக்கப்படுகிறாள் என்று, எல்லார் காதிலும் விழும்படி, ஒலிபெருக்கியில் சொன்னேன். ஒருவருக்குச் சொன்னால் முந்நூறு பேருக்குச் சொன்ன மாதிரி. அவள் அழவில்லை. "வேலைய வேணும்னா எடுத்துக்கிடுங்க சாரே. திருடின்னு மட்டும் சொல்லாதீங்க. எனக்கு ஒரு பொட்டப்பிள்ள உண்டு" என்றாள்.

வேறு என்ன சொல் இருக்கிறது, ஐயா, நீங்களே சொல்லுங்கள். எடுத்தால் எடுத்ததுதானே? விதிக்கு இரண்டு பெயர் கிடையாது.

அதற்குப் பிறகு சோதனையில் ஒன்றும் அகப்படவில்லை. தகர டப்பா நிறைந்தது. மாதம் ஒருமுறை எடை போட்டுப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்தோம். எனக்கு அது நிறைவாக இருந்தது. சும்மா சொல்லவில்லை, நிறைவாகவே இருந்தது.

அப்புறம்தான் அந்தக் காலம் வந்தது. நோய் பரவி ஊரெல்லாம் அடைத்துத் திறந்த காலம். உங்களுக்கு நினைவிருக்கும். ஊர் திறந்துவிட்டது, கப்பல் திறக்கவில்லை. நாங்கள் கேட்ட கொக்கிகள் ஜப்பானில் பெட்டியில் அடைத்துத் தயாராக இருக்கின்றன. பெட்டியை ஏற்றக் கண்டெய்னர் இல்லை. கண்டெய்னர் கிடைத்தபோது கப்பலில் இடம் இல்லை. கப்பலில் ஏற்றினோம் என்றார்கள். அது கொழும்பில் இறக்கிவைக்கப்பட்டு, எந்தக் குவியலுக்கு அடியில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. சென்னையில் இருந்த தரகர் எப்போது கேட்டாலும் அடுத்த வாரம் என்பார். அடுத்த வாரம் கேட்டாலும் அதையே சொல்வார்.

இங்கே தேய்ந்த கொக்கிகளோடு இயந்திரங்களை ஓட்டினோம். முடிச்சுகள் நழுவின. ஒரு இயந்திரத்தைப் பிரித்து அதன் கொக்கிகளை இன்னொன்றுக்கு மாட்டினோம். அப்படியே ஒவ்வொன்றாக நின்றன. சத்தம் நின்ற தொழிற்சாலைக்குள் நீங்கள் நின்றிருக்கிறீர்களா? அந்தச் சத்தத்துக்கு நான் இருபது ஆண்டுகளாக எரிச்சல்பட்டவன். அது இல்லாதபோது அந்தக் கூடத்தைக் கடந்து போக எனக்குக் கால் வரவில்லை. பெண்களைப் பாதிப் பாதியாக வீட்டுக்கு அனுப்பினோம்.

மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. குளச்சலிலும் முட்டத்திலும் படகுகள் கரையேறிக் கிடந்தன. தடை முடிகிற அன்று கடலுக்குப் போகப் புது வலை வேண்டும் என்று முன்பணம் கட்டியவர்கள் தினமும் வந்து வாயிலில் நின்றார்கள். அன்று வலை கொடுக்காவிட்டால் அவர்கள் வேறு மாநிலத்து வலைக்குப் போய்விடுவார்கள், போனவர்கள் திரும்பமாட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, கொக்கிக்கு வழி இல்லையென்றால் இயந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உள்ளூரிலேயே செய்தால் என்ன என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பேச்சு வந்தது. யார் சொன்னது என்று இப்போது பலரும் உரிமை கொண்டாடுகிறார்கள். நான் சொன்னதாகத்தான் என் நினைவு. பார்வதிபுரத்தில் இஸ்ரவேல் என்று ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். டிப்ளமோ படித்தவர், நல்ல கைக்காரர், வாய் அதைவிடப் பெரிது. ரப்பர் ஆலைகளுக்கு உருளையும் பல்சக்கரமும் கடைந்து கொடுப்பவர். சரக்கறையில் இருந்தவற்றில் பார்வைக்கு மிக நன்றாக இருந்த ஒரு கொக்கியை நானே தேர்ந்தெடுத்து அவரிடம் கொண்டுபோனேன். இதைப்போல, இம்மியும் பிசகாமல், செய்ய வேண்டும் என்றேன்.

அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். மூக்கின் உட்புறத்தில் மயிரிழை போல ஒரு பள்ளம் ஓடுவதை எனக்குக் காட்டினார். "பாத்தியளா அண்ணாச்சி, ஜப்பான்காரனுக்க மூளைய! நூலு அங்க இங்க ஓடாம இருக்க ஒரு வாய்க்கால் வெட்டி வச்சிருக்கான்" என்றார். எனக்கும் வியப்பாக இருந்தது. இத்தனை ஆண்டு கையாண்ட பொருளில் இப்படி ஒரு நுட்பம் இருந்ததை நான் கவனிக்கவில்லை. இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். வெளிநாட்டுக்காரன் ஒரு கோடு போட்டாலும் காரணமில்லாமல் போடமாட்டான் என்று நான் சொன்னேன். அவர் ஆமாம் என்றார்.

அந்தப் பள்ளத்தை வெட்டுவதுதான் பெரும்பாடு. மற்றதெல்லாம் அவருக்கு எளிதாக வந்தது. பள்ளத்துக்கென்று தனியாக ஒரு சாணைக்கல் செய்தார். மயிரிழை அகலத்துக்குக் கல் நிற்காமல் உடைந்துகொண்டே இருந்தது. எப்படியோ முதல் தொகுதியைக் கொண்டுவந்தார். நான் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பள்ளம் ஆழமில்லாதவற்றைத் திருப்பி அனுப்பினேன். கண்டிப்பு வேண்டுமல்லவா? உள்ளூர்ச் சரக்கு என்று இளக்காரம் கொடுத்தால் அது உள்ளூர்ச் சரக்காகவே நின்றுவிடும்.

மாட்டி ஓட்டினோம். சத்தம் கேட்டதும் பெண்கள் கைதட்டினார்கள். பின்னி வந்த வலையைச் சோதிக்கிற மேசைமேல் விரித்து இழுத்துப் பார்த்தார்கள். இழுத்த இடமெல்லாம் வலைக்கண்கள் விரிந்தன. முடிச்சு முடிச்சாக இல்லை. நூல் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு, விடவேண்டிய நேரத்தில் விடாமல், அரை முடிச்சில் அறுந்து வருகிறது. அந்த வலையைக் கடலில் போட்டால் மீன் சிரித்துக்கொண்டு வெளியே போகும் என்று இஸ்ரவேலே சொன்னார். அவரும் அதற்குச் சிரிக்கவில்லை.

பிறகு என்ன செய்தார் தெரியுமா? தகர டப்பாவில் இருந்த கழித்த கொக்கிகள் அத்தனையையும் ஒரு வெள்ளைத் துணியில் கொட்டி வரிசையாக அடுக்கினார். பூதக்கண்ணாடியோடு குனிந்துகொண்டு போனார். ஒன்றில் பள்ளம் இடதுபுறம் சாய்ந்திருக்கிறது. ஒன்றில் இரட்டைப் பள்ளம். ஒன்றில் பாதி மூக்கையே தின்றிருக்கிறது. "ஒரே கம்பெனிக்காரன் ஒண்ணுக்கொண்ணு வேற மாதிரியா வெட்டுவான்? இது அவன் வெட்டினதில்ல அண்ணாச்சி, நூலு வெட்டினது. நாம தேய்மானத்தையில்லா நகல் எடுத்திருக்கோம்" என்றார். தண்டும் தலையும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகின்றன. அது செய்தவன் கை. மூக்கின் உட்புறம் ஒன்றுக்கொன்று மாறுகிறது. அது நூலின் கை. நானும் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்.

சரி, பள்ளம் கூடாது. ஆனால் பள்ளம் விழுவதற்கு முன்னால் அந்த வளைவு எப்படி இருந்தது? எவ்வளவு கனம், எந்தச் சரிவு? இருந்த கொக்கிகள் எல்லாமே நூல் தின்றவை. வேலையே செய்யாத ஒரு கொக்கி வேண்டும் என்றார். "ஒண்ணே ஒண்ணு போதும்" என்றார். ஜப்பான்காரர்களைக் கேட்டோம். அளவுகளைத் தரமாட்டோம், பெட்டி வரும்வரை பொறுங்கள் என்று எழுதினார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து இப்படி உட்கார்ந்துதான் பகவதியிடம் சொன்னேன். புதுக் கொக்கி ஒன்று கிடைக்காமல் தொழிற்சாலை மூடப்போகிறது என்று. அது பார்க்க எப்படி இருக்கும் என்று கேட்டாள். உனக்கு அதெல்லாம் தெரியாது, போய்ச் சோற்றைப் பார் என்றேன். அலுப்பில் சொல்வதுதானே. காப்பி இன்னும் வரவில்லை, பாருங்கள்.

பிறகு ஒலிபெருக்கியில் அறிவித்தேன். வீட்டில் யாரிடமாவது தொழிற்சாலைக் கொக்கி, வளைந்ததோ உடைந்ததோ, இருந்தால் கொண்டு வாருங்கள். ஒரு கேள்வியும் கேட்கமாட்டோம் என்று. யாரும் கொண்டுவரவில்லை. ஒருத்திகூட. வீடு வீடாக இருந்ததென்று சொன்னேனே, எல்லாம் எங்கே போயிற்று? வலை சோதிக்கிற அமலோற்பவம் என்பவள்தான் சொன்னாள். எப்சிபாவை அனுப்பிய வாரமே அத்தனை பேரும் தங்கள் வீட்டுக் கொக்கியைக் குளத்தில் எறிந்துவிட்டார்களாம். வீட்டுக்கும் ஆள் வந்து சோதிப்பார்கள் என்ற பயம். "ராத்திரி சோறு எறங்கல்ல சாரே, எறிஞ்ச பொறவுதான் எறங்கிச்சு" என்றாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது, எத்தனை வீட்டில் திருட்டுப் பொருள் இருந்திருக்கிறதென்று. நான் நினைத்ததைவிட அதிகம்.

இஸ்ரவேல் தலையில் கைவைத்துக்கொண்டார். தண்ணீரில் கிடந்து துருத் தின்றதை வைத்து அவர் என்ன அளப்பார்? அப்போது அமலோற்பவம் மெல்லச் சொன்னாள்: "எப்சிபா மட்டும் எறிஞ்சிருக்கமாட்டா. அவளுக்கு இனி யாரைப் பேடி, யாரைப் பயம்?"

எனக்குப் போக விருப்பமில்லை. முதலாளி போகச் சொன்னார். இஸ்ரவேலின் இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். வேலை போனபிறகு அவள் பாவாடை தைத்து விற்றுக்கொண்டிருந்தாள். வடசேரிச் சந்தைக் கடைகளுக்கு மொத்தமாகக் கொடுப்பாள். தையல் இயந்திரத்தைச் சுற்றிலும் மஞ்சளும் நீலமுமாகப் பாவாடைகள். அவள் மடியில் ஒன்று. கையில் கொக்கி. நாங்கள் போய் நின்றபோது நாடா கோர்த்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. அந்தப் பாவாடையை முடித்துவிட்டுத்தான் ஏறிட்டுப் பார்த்தாள்.

அந்தக் கொக்கியை இஸ்ரவேல் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். இயந்திரங்கள் வந்த முதல் நாளிலேயே, ஓட்டிப் பார்க்கும்போது சிக்கித் தண்டு வளைந்து, கழற்றிப் போட்ட கொக்கி என்றாள். ஒரு முடிச்சுக்கூடப் போடாதது. தண்டுதான் வளைந்ததே தவிர மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வளைவு இடுப்பு மடிப்புக்குள் போக இன்னும் வசதி என்று இத்தனை காலம் வைத்திருந்திருக்கிறாள். நூல் அதைத் தொடவில்லை, நாடாதான் தொட்டிருக்கிறது. பருத்தி நாடா எஃகை என்ன செய்யும்? உட்புறம் கண்ணாடி மாதிரி இருந்தது. இஸ்ரவேல் பூதக்கண்ணாடியை எடுத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 

நான் சொன்னேன், "அப்போ இன்னொண்ணும் எடுத்திருக்கே."

பார்த்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். இஸ்ரவேல் என் காலை மிதித்தார். நீக்கியது ஒன்றுக்காக, இருந்தது இரண்டு. கணக்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அவள் என்னைப் பார்க்கவில்லை. இஸ்ரவேலிடம் பேசினாள். "அண்ணே, கொண்டு போங்க. முந்நூறு பிள்ளைகளுக்க சோறுல்லா. அளந்துட்டு எனக்க கொக்கிய எனக்குத் தரணும், இது எனக்க தொழிலு. பொறவு, சாரு அண்ணைக்கு எங்க நின்னு சொன்னாரோ அங்க நின்னு, நான் திருடியில்லன்னு ஒரு வார்த்தை சொல்லணும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். இஸ்ரவேல், அதெல்லாம் சொல்வார், நான் பொறுப்பு என்றார். என் சார்பில் வாக்குக் கொடுக்க அவர் யார்? நான் பார்க்கலாம் என்றேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, பார்க்கலாம் என்றுதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும், மாவட்டம் முழுக்கத் தெரியும். இஸ்ரவேலின் கொக்கிகள் வந்தன. முதல் ஓட்டத்தில் எஃகு கொஞ்சம் மென்மையாக இருந்தது. காலையில் சொன்னேன், மாலையில் வேறு பதம் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். ஜப்பானுக்கு இதை எழுதியிருந்தால் பதில் வரவே ஒரு பருவம் போயிருக்கும். அதுதான் ஐயா உள்ளூர் உற்பத்தியின் பலம். குறை தெரிந்த அன்றே செய்தவன் கையைப் பிடித்துக் காட்டலாம். தடை நீங்குகிற நாளுக்குள் எல்லா வலையும் போய்ச் சேர்ந்தது. குளச்சல்காரர்கள் முதல் வலைவீச்சில் கிடைத்த மீனைப் பெட்டியோடு கொண்டுவந்து வாயிலில் வைத்துவிட்டுப் போனார்கள். கொழும்பில் கிடந்த பெட்டியோ, நாங்கள் அதை மறந்த பிறகு வந்தது. அடுத்த முறை கப்பல் குழப்பம் வந்தபோது பிற மாநில ஆலைகள் இஸ்ரவேல் பட்டறையில் வரிசையில் நின்றன. இப்போது அவரிடம் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பிய பெண்களில் ஒருத்தியும் திரும்பி வராமல் இல்லை. எப்சிபா தவிர.

சிறுதொழில் சங்கத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். கடல் கடந்து வருகிற பொருளை நம்பியிருப்பவன் அடுத்தவன் வீட்டு அடுப்பில் உலை வைத்தவன் என்று பேசினேன். நல்ல கைதட்டல். நம் பொருள் நம் கையில், நம் அறிவு நம் ஊரில் என்றெல்லாம் சொன்னேன். எப்சிபாவின் பெயரைச் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். நேரம் குறைவு.

கொக்கியா? நீங்கள் அதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும். இஸ்ரவேல் அளந்து முடித்ததும், அவளிடம் சேர்த்துவிடுங்கள் என்று என்னிடம் கொடுத்தார். யோசித்துப் பாருங்கள். அது தொழிற்சாலைப் பொருள். பதிவான பொருள். நான் எந்த விதியின்கீழ் அதை ஒரு தனி ஆளுக்குக் கொடுப்பேன்? கொடுத்தால் அன்றைக்கு நீக்கியது பிழை என்று ஆகிவிடாதா? அதனால் கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்து, உள்ளே சிவப்பு வெல்வெட்டு விரித்து, முதலாளி அறைக்கு வெளியே வைத்தேன். உள்நாட்டுக் கொக்கியின் மூல மாதிரி என்று கீழே எழுதினேன். வருகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். ஒரு பொருளுக்கு அதைவிட என்ன மரியாதை வேண்டும்?

முதலாளி அவளைத் திரும்ப வேலைக்கு வரச் சொல்லி ஆள் விட்டார். வந்தாள். வாயிலுக்கு உள்ளே வரவில்லை. அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றாள். ஷிப்டு மாறுகிற நேரம். ஒலிபெருக்கி என் மேசையில் இருக்கிறது. எல்லாரும் என் சன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மனிதாபிமான அடிப்படையில் எப்சிபா மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படுகிறாள் என்று அறிவித்தேன். நல்ல சொல்தானே? அவளும் என் சன்னலைப் பார்த்தாள். பிறகு அமலோற்பவத்திடம், "சாரு இன்னும் முடிக்கல்லியா?" என்று கேட்டாள். முடித்துவிட்டார் என்று அமலோற்பவம் சொன்னதும் எப்சிபா திரும்பிப் போய்விட்டாள். அவ்வளவுதான். நான் விரட்டவில்லை, ஐயா. கதவு திறந்துதான் இருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், அது என் மனத்தில் கிடந்து உறுத்துகிறது. சரியாக வந்த முதல் தொகுதியில் முதலாவதாக முடித்த கொக்கியை இஸ்ரவேல் நேரே அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். முதல் கொக்கி சோதனைக்கு என் மேசைக்கு வரவேண்டும், அதுதான் முறை. ஏன் என்று கேட்டேன். "அவ சோதிச்சா போதும் அண்ணாச்சி" என்றார். அந்தக் கொக்கியில்தான் அவள் இன்றைக்கும் நாடா கோர்க்கிறாள். கேட்டால், இது இஸ்ரவேல் அண்ணன் தந்தது, எனக்குள்ளது கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாளாம்.

எனக்கு என்ன வருத்தம்? ஒன்றுமில்லை. ஓய்வுபெற்ற நாளில் ஒரு மாலை போட்டார்கள், முதலாளி போட்டார். பெண்கள் யாரும் வரவில்லை, வேலை நேரம். வடசேரிப் பேருந்து நிலையத்தில் எதிரே வந்தால் கைப்பைக்குள் எதையோ தேடுவார்கள். நானும் மேலே பார்த்துக்கொண்டு போய்விடுவேன். சில நாள் அந்த ஒலிபெருக்கி இன்னும் என் கையில் இருப்பது போலவும், எதையோ சொல்லி முடிக்காமல் வைத்த மாதிரியும் இருக்கும். வயது.

ஆகவே உங்கள் கேள்விக்கு வருகிறேன். குடும்பம் நல்ல குடும்பம். உழைப்பாளி. பெண் தங்கமான பெண். ஆனால் எடுத்தாளா என்று கேட்டால், எடுத்தாள். அதை நான் மாற்றிச் சொல்லமுடியாது. உங்கள் தங்கை வீட்டில் கேட்டால் இந்த இரண்டையும் சொல்லுங்கள். முதலில் எதைச் சொல்வது என்பது உங்கள் விருப்பம்.

இதோ, காப்பி வந்துவிட்டது. பகவதி, ஐயா பக்கம் வை. தட்டில் அது என்ன? காப்பித் தட்டில் எதற்கு...

ஒன்றுமில்லை ஐயா, இது வந்து, ஒரு கொக்கி. இல்லை, கண்ணாடிப் பெட்டியில் இருப்பது அங்கேதான் இருக்கிறது. இது வேறு. வளையாதது. இயந்திரம் வந்த புதிதில் முதல் பெட்டியைப் பிரித்தபோது, மாதிரிக்காக, ஒன்றை நான் சட்டைப் பையில் போட்டு... பொறுப்பில் இருப்பவன் ஒரு மாதிரியைத் தன்னிடம் வைத்திருப்பது உண்டு. பிறகு எனக்கு நினைவே இல்லை. தையல் பெட்டியில் இருந்ததாம். இத்தனை ஆண்டுகளும் இதில்தான் நாடா கோர்த்தாளாம். எனக்குத் தெரியாது, ஐயா. பாவாடை நாடாவை யார் கவனிக்கிறார்கள்?

என்ன சொல்கிறாய்? சத்தமாகத்தான் சொல்லேன். கேட்டீர்களா, ஐயா? "அது எப்பிடி இருக்கும்னு கேட்ட அண்ணைக்கே சொல்ல வாய் எடுத்தேன். எடுத்தா திருட்டுன்னு ஒலிபெருக்கியில சொன்னியளே. கெட்டினவனை நான் எப்பிடிக் காட்டிக் குடுப்பேன்?" என்கிறாள். இதெல்லாம் விருந்தாளி முன்னால் பேசுகிற பேச்சா?

நீங்கள் காப்பியைக் குடியுங்கள். அவள் சொல்வதைப் பொருட்படுத்தாதீர்கள். எப்சிபாவிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம், கண்ணாடிப் பெட்டியில் இருப்பதற்கு மாற்றாக. உங்களுக்கு எதற்கு அந்தச் சிரமம்? அந்த வீட்டுக்கு நீங்கள் போவதா வேண்டாமா என்பதே இன்னும் முடிவாகவில்லையே. முடிவாகிவிட்டதா? எப்போது? நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லையே.

ஐயா, அதை ஏன் கைக்குட்டையில் சுற்றுகிறீர்கள்? இருங்கள். காப்பி ஆறுகிறது. யாரைக் கேட்டு எடுத்துக்கொண்டு போகிறீர்கள்? அது எங்கள் வீட்டுக் கொக்கி, ஐயா.